மாவுக்கும் நாவுக்கும் நடுவே

மொழிகள் அழிவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழும். "எட்டுப் பேர் பேசுகிற மொழி மறைந்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள்தான் வேறு மொழி பேசப் பழகிவிட்டார்களே?"

கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நியாயமான கேள்விதான். வழக்கமாக இதற்குப் பண்பாடு, பாட்டு, கதை என்று பதில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனாலும் கேட்டவருக்கு நிறைவு வராது. அவர் கேட்டது பாசத்தைப் பற்றி அல்ல. அந்த எட்டுப் பேருக்கு அப்பால், உலகத்தின் அறிவில் எது குறையும் என்றுதான் அவர் கேட்கிறார்.

அதற்கான பதிலை ஒரே ஓர் ஒலியை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். உங்கள் வாயும் ஒரு கைக்கண்ணாடியும் இருந்தால் போதும்.

கடல் முழுக்க ஒரு கண்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்தால் 'மத்தா' என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். மலாய் மொழியில் அதற்குக் கண் என்று பொருள். போலீஸ்காரரை 'மத்தா' என்பதும் அங்கே பழைய வழக்கு. ஊரைக் கண்காணிப்பவர் அல்லவா? சூரியனுக்கு மலாயில் 'மத்தாஹரி', அதாவது பகலின் கண்.

அங்கிருந்து கிழக்கே கடலில் போய்க்கொண்டே இருங்கள். பிலிப்பைன்ஸின் தகலோகு மொழியில் கண்ணுக்கு மத்தா. பிஜியில் மத்தா. சமோவாவில் மத்தா. நியூசிலாந்தின் மவோரிகளிடமும் மத்தா. ஹவாயில் மட்டும் கொஞ்சம் மாறி மக்கா. (இரண்டு உயிருக்கு நடுவே தனித் தகரம் வந்தால் தமிழில் மெலிந்து ஒலிக்கும் என்பதால் இரட்டித்து எழுதுகிறேன். அவர்கள் சொல்வது ஒற்றைத் தகரம்தான்.)

ஐந்து என்ற எண்ணையும் பாருங்கள். மலாயில் லிமா, பிஜியில் லிமா, சமோவாவில் லிமா, ஹவாயில் லிமா, மவோரியில் ரிமா. ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் மடகாஸ்கரில் டிமி. பூமியின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே எண் பரந்து கிடக்கிறது.

1769இல் தாகிட்டியில் கேப்டன் குக்கின் கப்பலில் துப்பையா என்ற தீவுக்காரர் ஏறிக்கொண்டார். கடலோடி, அறிஞர். கப்பல் நியூசிலாந்தை அடைந்தபோது, அதற்குமுன் ஒருநாளும் கண்டிராத மவோரிகளோடு அவரால் பேச முடிந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீரைக் கடந்தும் சொற்கள் பிடிபட்டன.

இது தற்செயலாக இருக்க முடியாது. கண், கை, ஐந்து, கல் போன்ற சொற்களை ஒரு மக்கள் இன்னொரு மக்களிடம் எளிதில் கடன் வாங்குவதும் இல்லை. ஒரே தாய்மொழி பிரிந்து பிரிந்து பரவியிருக்கிறது. மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை விரிந்த அந்தக் குடும்பத்துக்கு ஆஸ்திரனேசியம் என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட அந்தக் குடும்பத்தில் பசிபிக் பக்கமாக நீண்ட கிளையை ஓசியானியம் என்கிறார்கள். ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் புள்ளிக்கோலம் இட்டதுபோல் அலங்கரித்த மண்பாண்டங்களோடு தோணிகளில் வந்திறங்கியவர்கள் பேசியது இந்தக் கிளை மொழிதான். வனுவாட்டு நாட்டின் எஃபாத்தே தீவில், தெயோமா என்ற இடத்தில் அவர்களுடைய கல்லறைத்தோட்டம் ஒன்று 2004 முதல் அகழ்ந்து ஆராயப்பட்டது. எலும்பும் ஓடும் கிடைத்தன. அவர்கள் பேசிய மொழி மண்ணுக்குள் கிடைக்காது.

ஆனாலும் அந்த மொழியில் கண்ணுக்கு 'மத்தா' என்றும் ஐந்துக்கு 'லிமா' என்றும் சொன்னார்கள் என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம். உறவு மொழிகளை ஒப்பிட்டு மூத்த வடிவத்தை மீட்கும் முறையை ஓசியானிய மொழிகளுக்கு முதலில் சீராகப் பொருத்திப் பார்த்தவர் ஓட்டோ டெம்ப்வுல்ஃப். ஜெர்மானியர், தொழிலால் மருத்துவர். இப்படி மீட்டெடுத்த மூத்த மொழியை நாம் தொல் ஓசியானியம் என்று அழைக்கலாம்.

ஒலி நடக்கும், தாண்டாது

எழுத்தே இல்லாத ஒரு மொழியை 3,000 ஆண்டு கழித்து எப்படி மீட்க முடியும்? இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது.

தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. நமக்குப் புலி, அவர்களுக்கு ஹுலி. பத்து, ஹத்து. பல், ஹல்லு. ஒன்றிரண்டு சொல் மட்டும் இப்படி மாறியிருந்தால் தற்செயல் எனலாம். சொல்லின் தொடக்கத்துப் பகரம் வரிசையாக ஹகரம் ஆகியிருக்கிறது. ஒலி மாற்றம் ஆளைப் பார்த்து நடக்காது, சொல்லைப் பார்த்தும் நடக்காது. ஒலியையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் பார்த்து நடக்கும். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் பின்னோக்கி நடந்து மூத்த வடிவத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இரண்டாவது விஷயம் இந்த அத்தியாயத்துக்கு உயிர்நாடி. ஒலிகள் சிறு சிறு படிகளாக நடக்கும். 'ப' சொல்லும்போது இரண்டு உதடும் அழுந்த மூடுகின்றன. அந்த அழுத்தம் தளர்ந்தால் உதட்டிடுக்கில் காற்று உரசிப் போகும். இன்னும் தளர்ந்தால் உதடு சும்மா இருக்க, தொண்டைக் காற்று மட்டும் வரும். அதுதான் 'ஹ'. ஒவ்வொரு படியிலும் பேசுகிறவருக்குத் தான் மாற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மயிரிழை வேறுபாடு, பத்துத் தலைமுறையில் அதுவே வேறு எழுத்து.

கன்னடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருக்கிறது. மாற்றம் நடந்த திசையைக் கல்லே சாட்சி சொல்லும். பசிபிக் தீவுகளில் அந்த வசதி இல்லை. அங்கே பேசும் வாய்தான் கல்வெட்டு. ஒரு மொழி மாறாமல் நின்றிருக்கும், பக்கத்து மொழி இரண்டு படி நடந்திருக்கும், அடுத்தது ஐந்து படி. எல்லாவற்றையும் அருகருகே வைத்தால்தான் படிக்கட்டு தெரியும்.

தோலோமாக்கோவின் கண்

இனி புதிருக்கு வருவோம். வனுவாட்டு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக்கில் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டம். அதில் மிகப் பெரிய தீவு எஸ்பிரித்து சாந்தோ, சுருக்கமாகச் சாந்தோ. இந்தத் தீவின் வடபகுதியில் தோலோமாக்கோ என்று ஒரு பேச்சு. அதற்கு உடன்பிறந்தாள் போல சுரேவியு என்று இன்னொன்று. இரண்டும் அவ்வளவு நெருக்கம்.

சுரேவியுவில் கண்ணுக்கு மத்தா. சரி, எதிர்பார்த்ததுதான். தோலோமாக்கோவில் நத்தா. சுரேவியுவில் தண்ணீருக்குப் பெய். தோலோமாக்கோவில் தெய்.

மகரம் இருக்க வேண்டிய இடத்தில் நகரம். பகரம் இருக்க வேண்டிய இடத்தில் தகரம். இங்கே என்ன சிக்கல் என்பது தொல்காப்பியம் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று பிறப்பியல் துல்லியமாக வகுத்திருக்கிறது. பகரமும் மகரமும் இதழோடு இதழ் பொருந்திப் பிறப்பவை. தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட்டுப் பிறப்பவை. ஒன்றில் நாக்குக்கு வேலையே இல்லை, மற்றதில் உதட்டுக்கு வேலையே இல்லை. உதட்டு ஒலி நாக்கு ஒலியாக மாற எந்தச் சிறு படி இருக்கிறது? 'ப' தளர்ந்தால் 'ஹ' வரும். எவ்வளவு தளர்ந்தாலும் 'த' வராது.

"நிலம், நிலன், முகம், முகன் என்று நமக்கும்தானே மகரம் னகரமாகிறது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அது சொல்லின் கடைசியில். அதனால்தான் அதைக் கடைப்போலி என்றார்கள். சொல் முடியும் இடத்தில் மெல்லின ஒலிகள் அடங்கிப்போகின்றன, காதுக்கு ஒன்றை இன்னொன்றாகக் கேட்பது எளிது. 'மத்தா'வில் மகரம் சொல்லின் தலையில் நிற்கிறது. பின்னால் முழு உயிர் வருகிறது. அங்கே 'மா'வை 'நா' என்று யாரும் தவறாகக் கேட்க மாட்டார்கள். 'பெய்', 'தெய்' விஷயத்துக்குக் கடைப்போலி விளக்கம் எட்டவே எட்டாது.

இன்னொரு தடயமும் உண்டு. இந்த மாற்றம் இ, எ, அ போன்ற உயிர்களுக்கு முன்னால்தான் நடந்தது. ஒ, உ என்று உதடு குவியும் உயிர்களுக்கு முன்னால் மகரமும் பகரமும் அப்படியே நின்றன.

உதட்டிலிருந்து பல்லுக்கு ஓர் ஒலி தாவியிருக்கிறது. தாவல் கிடையாது என்று இப்போதுதான் சொன்னேன். அப்படியானால் நடுவே ஒரு படி இருந்திருக்க வேண்டும்.

கண்ணாடி முன்னால்

கைக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 'மா' என்று சொல்லுங்கள். உதடுகள் மூடித் திறப்பது தெரிகிறது. 'நா' என்று சொல்லுங்கள். உதடு திறந்தே இருக்கிறது, நாநுனி மேற்பல்லில் பதிகிறது.

இப்போது நாக்கை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டி, அதன் நுனியை மேலுதட்டின் அடியில் வைத்து அடையுங்கள். பல்லில் அல்ல, உதட்டில். கீழுதட்டை மறந்துவிடுங்கள். அப்படியே மூக்கால் ஒலித்து 'ஆ' என்று விடுங்கள்.

வந்த ஒலி எது? 'மா'வா, 'நா'வா? இரண்டும் இல்லை, இரண்டும் போலவும் இருக்கிறது. மேலுதடு பங்கெடுப்பதால் 'மா'வின் சாயல். நாக்கு பங்கெடுப்பதால் 'நா'வின் சாயல். அதே இடத்தில் மூக்கை விட்டு வாயால் வெடிக்க விட்டால் 'பா'வுக்கும் 'தா'வுக்கும் நடுவே ஒன்று வரும்.

தொல்காப்பியர் இதழும் இதழும் கூடுவதைச் சொன்னார். பல்லும் இதழும் கூடும் வகரத்தைச் சொன்னார். நாவும் பல்லும் கூடுவதைச் சொன்னார். நாவும் இதழும் கூடுவதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தமிழிலும் நம்மைச் சுற்றியுள்ள மொழிகளிலும் அது கிடையாது. நாம் அறிந்த ஐரோப்பிய மொழிகளிலும் கிடையாது. குழந்தையைக் கொஞ்சும்போது எப்போதாவது அந்தச் சத்தம் வரலாம், சொல்லில் வராது.

இதை நாவிதழ் ஒலி என்று அழைப்போம். வனுவாட்டுக்கு வெளியே மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவு நாட்டுத் தீவுகளில் பேசும் பிஜகோ மொழியின் ஒரு வழக்கில் உண்டு. பிரேசிலில் உமோத்தினா என்ற மொழியில் இருந்திருக்கிறது. அவ்வளவு அரிது. 1980களின் பிற்பகுதியில்தான் ஒலியியலாளர் இயன் மாடிசன் வனுவாட்டின் நாவிதழ் ஒலிகளை விரிவாக எடுத்து ஆராய்ந்தார். உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் குறிக்கப் பயன்படும் பன்னாட்டு ஒலியெழுத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதற்கென்று ஒரு குறி சேர்ந்தது. சிறகு விரித்த கடற்பறவை போன்ற சின்னக் கோடு அது, எழுத்தின் அடியில் வரும்.

மனித வாய் என்னென்ன ஒலிகளைச் சொல்லுக்குப் பயன்படுத்தும் என்ற பட்டியல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் முடிந்திருக்கவில்லை. முடித்து வைக்க உதவியவர்கள் சில ஆயிரம் தீவுக்காரர்கள்.

மோ லி~ம

சாந்தோவின் தென்கரைக்கு எதிரே அராக்கி என்று ஒரு தீவு. சில சதுர கிலோமீட்டர் மட்டுமே. அந்தத் தீவின் பெயரே மொழியின் பெயரும். அலெக்ஸாந்தர் பிரான்சுவா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1990களின் இறுதியில் அங்கே போய், இருந்த சில முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்து, 2002இல் அந்த மொழிக்கு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். கதைகளும் அகராதியும் அதிலேயே உண்டு. அவருடைய நூலைக் கொண்டுதான் நம் புதிரின் நடுப்படியை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது.

நாவிதழ் ஒலியை எழுத அவர் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தார். தமிழில் அதற்குப் பதிலாக எழுத்துக்கு முன் ஓர் அலைக்கோடு இடுகிறேன். ~ம என்று கண்டால் நாக்கை மேலுதட்டில் வையுங்கள்.

அராக்கியில் எண்ணலாம். ஒன்று, மோ ஹெசே. இரண்டு, மோ துவா. மூன்று, மோ ரோலு. நான்கு, மோ ~வரி. ஐந்து, மோ லி~ம.

இந்த ஐந்தை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மகரம் இருக்கிறது. முதல் மகரத்துக்குப் பின்னால் 'ஓ' வருகிறது, உதடு குவிகிறது. அது சாதாரண மகரம். இரண்டாவதுக்குப் பின்னால் 'அ' வருகிறது, உதடு குவியவில்லை. அது நாவிதழ் மகரம். தோலோமாக்கோவில் எந்த உயிர்களுக்கு முன்னால் 'ம' 'ந'வாக மாறியதோ, அதே வகை உயிருக்கு முன்னால்தான் அராக்கியில் நாக்கு உதட்டைத் தேடிப் போகிறது. குவிந்த உயிருக்கு முன்னால் இங்கும் எதுவும் நடக்கவில்லை. புதிரின் இரண்டு தடயங்களும் ஒரே எண்ணுப்பெயரில் உட்கார்ந்திருக்கின்றன.

சிரிப்பதற்கு அராக்கியில் ~மன. பக்கத்துத் தங்கோவாத் தீவின் மொழியிலும் நாவிதழ் ஒலிகள் உண்டு. அங்கே பட்டாம்பூச்சி ~பெ~பெ. சமோவாக்காரர்கள் பட்டாம்பூச்சியைப் பெபெ என்பார்கள். பக்கத்தில் வைத்துச் சொன்னால் உறவு நாக்கிலேயே தெரியும்.

ஆக, படிக்கட்டு இப்படி. தொல் ஓசியானியத்தில் இதழும் இதழும் சேர்ந்த 'ம'. குவியாத உயிருக்கு முன்னால் நாக்கு வெளியே வந்து கீழுதட்டின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டது. அராக்கியும் தங்கோவாவும் அந்தப் படியில் நின்றுவிட்டன. தோலோமாக்கோ போன்ற மொழிகளில் நாக்கு மேலுதட்டிலிருந்து இறங்கிப் பல்லுக்கு வந்தது. உதடு ஆட்டத்தை விட்டு வெளியேறியது. 'மத்தா' 'நத்தா' ஆயிற்று.

கடைசிப் படி ஏன் எளிது என்பதும் உங்கள் கண்ணாடியில் தெரிந்திருக்கும். இருட்டில் படுத்துக்கொண்டு பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். நாக்கு எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காதில் விழுவது கொஞ்சம் நகரம் போன்ற ஒன்று. குழந்தை நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லிப் பார்க்கும், யாரும் திருத்த மாட்டார்கள். ஒலி மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான், திருத்தப்படாத சிறு வேறுபாடாகத்தான் தொடங்குகிறது.

இப்போது அராக்கியும் அதன் ஒருசில உறவுகளும் பதிவாகும் முன்பே மறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். 'மத்தா' ஒரு கரையில், 'நத்தா' மறு கரையில். நடுவே வெற்று நீர். மொழியியலாளர்கள் ஏதாவது ஒரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். கடன் வாங்கியது என்றோ, விதிவிலக்கு என்றோ. நாக்கு உதட்டுக்குப் போய்த் திரும்பியது என்ற விளக்கத்தை யாராவது முன்வைத்திருந்தாலும், அப்படி ஓர் ஒலி எந்த மொழியில் இருக்கிறது என்ற கேள்வியில் அது விழுந்திருக்கும்.

இரண்டு ரகரமும் ஒரு 'மோ'வும்

ஓர் ஒலிக்காக மட்டும் ஒரு மொழியைப் போற்றுவது சரியல்ல. அராக்கியில் தமிழரை நின்று பார்க்க வைக்கும் இன்னொன்று இருக்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் மல்லுக்கட்டும் ர, ற வேறுபாடு போல அங்கேயும் இரண்டு ரகரம். ஒன்றில் நாநுனி ஒரு தட்டுத் தட்டி விலகும். மற்றதில் அதிர்ந்து உருளும். எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். தமிழுக்கும் அராக்கிக்கும் எந்த உறவும் இல்லை. மனித நாக்கு தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எண்களுக்கு முன்னால் வந்த 'மோ' என்ன என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். அது எண்ணின் பகுதி அல்ல. வினைச்சொல்லுக்கு முன்னால் அது, அவன், அவள் என்பதைக் குறிக்க வரும் சிறு சொல். அராக்கியில் எண்ணுப்பெயர் வினைச்சொல்லாக நடக்கிறது. 'மோ லி~ம' என்றால் 'ஐந்து' என்பதைவிட 'ஐந்தாயிருக்கிறது' என்பதே சரியான மொழிபெயர்ப்பு. இன்னும் நுட்பம் என்னவென்றால், நடந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் சொல்லத்தான் 'மோ'. இனி நடக்க வேண்டியதை, நடக்கக்கூடும் என்று நினைப்பதைச் சொல்ல அந்த இடத்தில் 'சோ' வரும். நேற்று, இன்று, நாளை என்று காலத்தை மூன்றாக வெட்டுகிறோம் நாம். அவர்கள் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: உண்மையானது ஒன்று, இன்னும் உண்மையாகாதது ஒன்று. வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமானால் இது எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தொடங்க முடியும்.

சிறியது என்பதால் சாவதில்லை

எட்டுப் பேர் என்றதும், இவ்வளவு சிறு மொழி எப்படியும் பிழைத்திருக்காது என்று தோன்றும். இந்த எண்ணம் தவறு.

வனுவாட்டின் மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சம். மண்ணின் மொழிகள் ஏறத்தாழ 138. வகுத்துப் பாருங்கள், ஒரு மொழிக்குச் சராசரியாக 2,200 பேர்கூட இல்லை. தலைக்கு இத்தனை மொழி என்று கணக்குப் போட்டால் உலகில் இந்த நாட்டுக்கு ஈடு கிடையாது. சில நூறு பேர் பேசும் மொழிகள் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் திடமாக வாழ்ந்திருக்கின்றன. பெண் எடுத்த ஊர் மொழி, கொடுத்த ஊர் மொழி, எதிர்க்கரை மொழி என்று ஒவ்வொருவரும் மூன்று நான்கு பேசுவார்கள். யார் மொழியும் யார் மொழியையும் விட உயர்ந்ததில்லை. அந்தச் சமநிலை இருந்தவரை சிறுமை ஒரு குறையாக இருக்கவில்லை.

சமநிலை எங்கே குலைந்தது? ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோய்கள் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக மக்களைக் கொண்டுபோயின. குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆண்களை ஏற்றிச் சென்றார்கள். இந்தக் கலப்பில், ஆங்கிலச் சொற்களும் உள்ளூர் இலக்கணமும் சேர்ந்து பிஸ்லாமா என்ற பொதுமொழி உருவாயிற்று. (அதன் பெயர் கடல் அட்டையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. கடல் அட்டை வாங்க வந்த வணிகர்களோடு பேசிய மொழி அது.) 1980இல் நாடு விடுதலை அடைந்தபோது பிஸ்லாமா தேசிய மொழியானது. பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும்.

ஆனால் அராக்கியை விழுங்கியது ஆங்கிலம் அல்ல. அதன் இடத்தில் வந்து அமர்ந்தது பக்கத்துத் தங்கோவாவின் மொழி. 1880களில் ஜோசப் அன்னாண்ட் என்ற கனடாக்காரர் பிரஸ்பிட்டேரியன் பாதிரியாராகத் தங்கோவாத் தீவில் வந்து தங்கினார். அடுத்த பத்தாண்டில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடமும் அங்கே எழுந்தது. அந்தத் தீவின் பேச்சு தென்சாந்தோவுக்குக் கோயில் மொழியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் ஜெபமும் வாசிப்பும் அந்த மொழியில். சமமாக நின்ற இரண்டு அண்டை மொழிகளில் ஒன்றுக்கு மட்டும் புத்தகமும் மரியாதையும் கிடைத்தன. அன்னாண்ட் அராக்கியை அழிக்க நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு மொழியில் வேதத்தை மொழிபெயர்ப்பது ஒருவரால் ஆகிற காரியமா? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்வின் விலையை அராக்கி கொடுத்தது.

இப்படி ஒரு மொழி மறைவதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் தாய் குழந்தையிடம் பெரிய மொழியில் பேசத் தொடங்குகிறாள், அடுத்த வீட்டிலும் அப்படியே. குழந்தை இரண்டையும் கேட்கிறது, ஒன்றில் பதில் சொல்கிறது. பேசுகிறவர்களின் எண்ணிக்கை அன்றைக்குக் குறைவதில்லை. ஐம்பது ஆண்டு கழித்துக் குறைகிறது. பிரான்சுவா அங்கே போனபோதே அராக்கியின் சொல்வளத்தில் ஒரு பகுதியும், அதற்கே உரிய சில ஒலி, வாக்கிய அமைப்புகளும் பேச்சிலிருந்து நழுவியிருந்தன.

மீதி இருப்பது

தங்கோவாவில் நாவிதழ் ஒலி இருக்கிறதே, தெற்கே மலாக்குலாத் தீவின் சில மொழிகளிலும் இருக்கிறதே, அராக்கி போனால்தான் என்ன என்று முதல் கேள்விக்காரர் திரும்பவும் கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் ஒரே விபத்துக்கு மூன்று சாட்சி இருந்தால் ஒவ்வொருவரும் வேறு இடத்தில் நின்று பார்த்திருப்பார்கள். தொல் ஓசியானியத்தில் மூன்று என்பது 'தோலு', அராக்கியில் 'ரோலு'. தகரம் ரகரமான பாதையை இந்த ஒரு சாட்சி தன் இடத்திலிருந்து சொல்கிறது. எந்தச் சொல்லில் நாக்கு உதட்டுக்குப் போனது, எதில் போகவில்லை, எண் எப்போது வினையாக நடந்தது என்பதையெல்லாம் தங்கோவாவிடம் கேட்டால் தங்கோவாவின் கதைதான் கிடைக்கும்.

2002ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. பதிவு செய்த குரல்கள் பிரான்சின் பாங்லோஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதியவர் கதை சொல்வதை உங்கள் செல்பேசியிலேயே கேட்கலாம், கேளுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் மறைந்த மொழிகளுக்கு இதுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவில் நாக்கு தெரியாது. 'ம' போலவும் 'ந' போலவும் ஒன்று காதில் விழும், அவ்வளவுதான். இருட்டில் கதை கேட்ட குழந்தையின் நிலைதான் நமக்கும்.

நீங்கள் இன்று கண்ணாடி முன் ஒருமுறை சொல்லிப் பார்த்த ஒலியை, அராக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு சொல்லி வந்தவர்கள் 2012ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டுப் பேர்.